பில்பராவில் அப்பா கேட்ட கேள்வி

ஒன்பது ஆண்டுகளாக நான் ஒரு மலையைத் திரையில் பார்த்து வருகிறேன். பெர்த் நகரில், குளிரூட்டிய பெரிய அறையொன்றில், ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வடக்கே 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்தின் நொறுக்கு ஆலையையும் கன்வேயர்களையும் ஷிப்ட் முறையில் கவனித்துக்கொள்வது என் வேலை. எந்தக் கன்வேயரின் உருளை சூடேறுகிறது, எந்தத் தொட்டி நிரம்பிவிட்டது, இந்த மணி நேரத்தில் எத்தனை டன் போயிருக்கிறது, அதில் இரும்பு 62 விழுக்காட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு உடனுக்குடன் தெரியும். அந்த மண்ணின் வாசனை மட்டும் தெரியாது. வேலை நிமித்தமாக இரண்டு முறை விமானத்தில் போய், பாதுகாப்புக் கண்ணாடியும் தலைக்கவசமுமாக நான்கு மணி நேரம் நின்றுவிட்டு அன்றே திரும்பியதை, அந்த ஊருக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வந்ததில்லை.

சென்ற ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் அந்தக் குறை தீர்ந்தது. தீர்த்துவைத்தவர் என் அப்பா. அவர் நெய்வேலிக்காரர். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில், 34 ஆண்டுகள் பம்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். எங்களோடு மூன்று மாதம் தங்குவதற்காக வந்திருந்தவர், வந்த இரண்டாம் வாரமே கேட்டுவிட்டார்.

“ஒன்பது வருஷமா போன்ல மைன்ஸ் மைன்ஸ்னு சொல்றியேம்மா, அதக் கண்ணால ஒரு தடவ பாத்துடணும்.”

“ஃபிளைட்ல போனா ரெண்டு மணி நேரந்தான் மாமா” என்றார் என் கணவர்.

“தரையிலயே போவோம் மாப்ள. போற வழி தெரியாம ஊர மட்டும் பாத்து என்ன ஆவப் போவுது?”

அப்படித்தான் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எங்கள் வண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டு, நானும் கணவரும் 13 வயது மகனும் அப்பாவுமாக நான்கு பேர், பதினான்கு நாட்கள் பில்பரா என்னும் அந்தச் செம்மண் நாட்டுக்குப் புறப்பட்டோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் இருக்கும் பில்பரா, பரப்பில் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதன் நடுவே ஹாமர்ஸ்லி மலைத்தொடர் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. உலகத்தின் எஃகு ஆலைகளுக்குப் போகும் இரும்புத்தாதுவில் பெரும்பங்கு அந்த மலைகளிலிருந்துதான் கிளம்புகிறது.

கேரவன் இழுப்பது என்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலை. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு வீட்டை ஓர் இரும்புக் குமிழில் கோத்து இழுத்துக்கொண்டு போகிறோம் என்ற நினைப்பு ஓட்டுபவருக்கு ஒரு நொடியும் மறக்கக் கூடாது. பாரமான சாமான்களை அச்சுக்கு நேர் மேலே வைக்க வேண்டும். பின்பக்கம் எடை கூடினால் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும், அந்த ஆட்டம் முன்னே இருக்கும் வண்டியையும் சாலையை விட்டு இழுத்துவிடும். எதிரே ரோடு டிரெய்ன் என்று அழைக்கப்படும் லாரித் தொடர் வரும்போது, 50 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அது கிளப்பும் காற்று முதலில் நம்மை வெளியே தள்ளி, கடந்து முடிக்கும் கணத்தில் உள்ளே இழுக்கும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சில விநாடிகளைக் கடப்பதற்கு என் கணவருக்கு இரண்டு நாள் பழக்கம் தேவைப்பட்டது. லாரிக்காரர்கள் ரேடியோவில் 40-ஆம் சேனலில் பேசிக்கொள்வார்கள். “பின்னால் வருகிறேன், முந்தப் போகிறேன், நீங்கள் உங்கள் வேகத்திலேயே போங்கள்” என்று அவர்கள் பொறுமையாகச் சொல்வதைக் கேட்ட பிறகு அந்தப் பெரிய வண்டிகளின் மீதிருந்த பயம் எங்களுக்குப் போய்விட்டது.

தண்ணீர்ப் பொறுப்பை அப்பா தாமாகவே எடுத்துக்கொண்டார். கேரவனின் அடியில் 80 லிட்டர் தொட்டிகள் இரண்டு. நாங்கள் தங்கப்போகும் தேசியப் பூங்காவின் முகாமில் குழாய்த் தண்ணீர் கிடைக்காது என்று படித்திருந்ததால், 160 லிட்டரில் நான்கு பேர் ஐந்து நாள் ஓட்ட வேண்டும். அளவு காட்டும் விளக்கு ஒன்று சமையல் மேடைக்கு மேலே இருந்தது. அப்பா அதை நம்பவில்லை. தினமும் காலையில் குனிந்து, தொட்டியின் பக்கவாட்டில் நடுவிரல் கணுவால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். டங் டங் என்று வெறுமையாகக் கேட்கும் சத்தம் ஓரிடத்தில் மத்தளத்தை ஈரத்துணியால் மூடியதுபோலக் கம்மிப்போகும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் தேதி எழுதுவார். பயணம் முடிந்தபோது அந்தத் தொட்டியின் மேல், ஏணிப்படிகள் போல, பதினான்கு கோடுகள் இருந்தன.

முதல் இரண்டு நாட்களும் கோதுமை வயல்கள் முடிந்து, முல்கா புதர்க்காடு தொடங்கி, அதுவும் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டே போகும் நெடுஞ்சாலைதான். மவுண்ட் மேக்னட், கியூ, மெக்கதாரா என்று தங்கத்தால் பிறந்த ஊர்கள் வழியில் வரிசையாக வரும். 1890-களில் ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கிய அந்த ஊர்களில் இன்று அகலமான தெருவும், கல்லால் கட்டிய ஓரிரு பெரிய கட்டடங்களும், பெட்ரோல் பங்க்கும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. பொழுது சாயும் நேரத்தில் கங்காருகள் சாலைக்கு வந்துவிடும் என்பதால் நான்கு மணிக்கே வண்டியை நிறுத்திவிடுவோம். ஒதுங்கும் இடங்களில் எல்லாம் ஓய்வு பெற்ற ஆஸ்திரேலியத் தம்பதிகள் கேரவன்களோடு இருந்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றும் இவர்களை இங்கே நரைத்த நாடோடிகள் என்று அன்போடு அழைப்பார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவரும் எழுபத்தொரு வயதான என் அப்பாவும், பாதிக்கும் குறைவான ஆங்கிலத்தையும் மீதிக்குக் கைகளையும் வைத்துக்கொண்டு, ஒரு டீசல் ஜெனரேட்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.

மூன்றாம் நாள், மெக்கதாராவுக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் போல் வந்திருப்போம், கேரவனின் இடப்பக்கச் சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரத்தை இறக்கிப் பார்த்தால் அதில் காற்றே இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் கையெழுத்துப் போட்ட சோதனைப் பட்டியலில் அது சரி என்று குறித்திருந்தது. கைப்பேசியில் சிக்னல் கிடையாது. நாற்பது நிமிடம் கழித்து வந்த ஒரு ரோடு டிரெய்ன் ஓட்டுநர், கேட்காமலேயே நிறுத்தி, தம் லாரியின் காற்றுக்குழாயை இழுத்து வந்து சக்கரத்துக்குக் காற்றடித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பாதையில் யாரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான் என்பதை அடுத்தடுத்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

மகர ரேகையைக் குறிக்கும் பலகையைத் தாண்டியதும் நியூமன் வந்தது. ஊரை ஒட்டி இருப்பது வேல்பேக் சுரங்கம். திமிங்கிலத்தின் முதுகுபோல் இருந்த மலைக்கு வைத்த பெயர் அது. இப்போது முதுகு இல்லை. அந்த இடத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமான, படிப்படியாக இறங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. இத்தனைக்கும் இந்தச் சுரங்கங்கள் எல்லாம் அறுபது வயதைத் தொட்டும் தொடாதவைதான். தன்னிடம் இரும்புத்தாது குறைவாகவே இருக்கிறது என்று நம்பிய ஆஸ்திரேலிய அரசு, 1938-இல் அதன் ஏற்றுமதிக்குத் தடை விதித்திருந்தது. 1960-இல் அந்தத் தடை தளர்ந்த பிறகுதான் ஹாமர்ஸ்லி மலைகளுக்குள் ரயில் பாதையும் இரும்புச் சுரங்க ஊர்களும் வந்தன. டாம் பிரைஸ் என்னும் சுரங்க ஊரிலிருந்து முதல் கப்பல் தாது 1966-இல் போனது. அதற்கு முன்பு இந்த நாட்டில் இருந்தவர்கள் தொல்குடி மக்களும், ஆட்டுப் பண்ணைகளும் மாட்டுப் பண்ணைகளும், ஆங்காங்கே தகரமும் தங்கமும் கல்நாரும் தேடியவர்களும்தான்.

நியூமனில் ஒரு கலைக்கூடத்துக்குப் போனோம். தொல்குடியினரான மார்து மக்களின் ஓவியங்கள் சுவர் முழுவதும் இருந்தன. ஒரு மூலையில், மரத்தைக் குடைந்து செய்த, நீண்ட, ஆழமில்லாத தட்டு ஒன்று இருந்தது. அப்பா அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, இல்லாத ஒரு முறத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துக் காட்டினார். அங்கிருந்த பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. அதன் பெயர் யாண்டி என்றும், புல்விதையிலிருந்து உமியைப் பிரிக்கத் தம் முன்னோர் பயன்படுத்தியது என்றும், பிறகு அதே தட்டில் அதே கையசைவால் மண்ணிலிருந்து தகரத்தாதுவைப் பிரித்தார்கள் என்றும் அவர் சொன்னார். நம் மொழியில் முறத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சொல் இருக்கிறது: புடைப்பது வேறு, நேம்புவது வேறு, தெள்ளுவது வேறு. பக்கவாட்டில் ஆட்டிக் கனமானதை ஒருபுறம் ஒதுக்குவது கொழிப்பது. பொன் கொழிக்கும் ஆறு என்று நாம் சொல்வதும் அந்தக் கொழிப்புத்தான். யாண்டியில் நடந்ததற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1946 மே 1 அன்று, பில்பராவின் ஆட்டுப் பண்ணைகளில் வேலை செய்துவந்த ஏறத்தாழ 800 தொல்குடித் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளிநடந்தார்கள். அவர்களில் பலருக்கு அதுவரை கூலி என்று கிடைத்தது மாவும் சர்க்கரையும் தேயிலையும்தான். டூலி பின்பின், கிளான்சி மெக்கென்னா என்ற இரண்டு தொல்குடித் தலைவர்களும், அவர்களோடு நின்ற டான் மெக்லியோடும் ஒருங்கிணைத்த அந்த வேலைநிறுத்தம் 1949 வரை நீடித்தது. மூன்று ஆண்டுகள் அத்தனை குடும்பங்களும் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதற்கான விடைகளில் ஒன்று யாண்டி. பெண்களும் ஆண்களும் உலர்ந்த ஓடைகளில் மண்ணைக் கொழித்துத் தகரத்தாது எடுத்து விற்றார்கள். பில்பராவின் சுரங்கத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராட்சத லாரிகளிலிருந்து தொடங்குகிறார்கள். எங்கள் நிறுவனத்தின் அறிமுகப் பயிற்சியிலும் அப்படித்தான். அந்த மரத்தட்டிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று இப்போது நான் உறுதியாக நினைக்கிறேன்.

நியூமனிலிருந்து கரிஜினி தேசியப் பூங்காவுக்கு 200 கிலோமீட்டர். 6 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ள அந்தப் பூங்கா பஞ்சிமா, யின்ஹாவங்கா, குர்ராமா என்னும் தொல்குடி மக்களின் நிலம். கரிஜினி என்பதே ஹாமர்ஸ்லி மலைகளுக்குப் பஞ்சிமா மொழியில் இருக்கும் பெயர். மலையிடுக்குகளைத் தேடிப் போகிறவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். கண்ணுக்கு எட்டியவரை ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முள்புல் குத்துக்குத்தாக வளர்ந்த சமவெளியும், சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை வெளேரென்ற அடிமரம் கொண்ட யூகலிப்டஸ் மரங்களும், தூரத்தில் வட்டமான குன்றுகளும்தான் தெரியும். நடந்துகொண்டே இருக்கும்போது, காலுக்கு முன்னால் ஓரடியில், நிலம் திடீரென்று முடிந்துவிடுகிறது. கீழே நூறு மீட்டர் ஆழத்தில் பச்சைத் தண்ணீர். சங்கப் பாடல்களில் மலைப்பிளவுக்கு விடர் என்றொரு சொல் வரும். பள்ளத்தாக்கு என்ற அகலமான சொல்லைவிட அந்தக் குறுகிய சொல்தான் இந்த இடங்களுக்குப் பொருந்துகிறது. மேலிருந்து வெட்டிய கத்தியின் தடம்போல் அவை இருக்கின்றன.

டேல்ஸ் முகாமில் கேரவனை நிறுத்திய மறுநாள் காலை, அப்பாவை அழைத்துக்கொண்டு ஃபோர்டெஸ்கியூ அருவிக்கு இறங்கினோம். இரும்புப் படிக்கட்டு இருப்பதால் மெதுவாக அவரால் இறங்க முடிந்தது. ஜூலை மாதம் அங்கே குளிர்காலம், மழை பெய்யாத காலம். ஆனாலும் அருவி படிப்படியான பாறைகளின் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது, ஏனென்றால் அது மழையை நம்பிய அருவி இல்லை, ஊற்றால் ஓடுவது. அங்கிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஃபெர்ன் குளத்துக்கு ஜுபுரா என்று பெயர். பஞ்சிமா மக்களுக்கு அது சாதாரணக் குளம் இல்லை என்பதால் சத்தம் போடாமல், மேலிருந்து குதிக்காமல், அமைதியாக இறங்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். பாறைச் சுவரில் அத்தி மரங்கள் தொற்றிக்கொண்டு, ஆலம் விழுதுபோல் வேர்களைத் தண்ணீர் வரை இறக்கியிருந்தன. கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கின. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, கோயில் குளத்தில் செய்வதுபோல, தலையில் சிறிது தெளித்துக்கொண்டார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பாறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வந்ததே அதற்காகத்தான். சுவர் முழுவதும், புத்தகத்தின் பக்கங்களை அடுக்கினாற்போல், சிவப்பும் கறுப்பும் பழுப்புமாகப் படுக்கை வரிகள். சில வரிகள் கையகலம், சில நகக்கண் அளவு. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இது கடலடி. அந்தக் கடலில் இரும்பு கரைந்து கிடந்தது, அப்போதைய காற்றில் ஆக்சிஜன் கிடையாது. சூரிய ஒளியில் உணவு தயாரிக்கக் கற்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வெளியிடத் தொடங்கியபோது, கடலில் இருந்த இரும்பு துருப்பிடித்துத் தூளாகி அடியில் படிந்தது. அதன்மேல் சிலிக்கா, மறுபடியும் இரும்பு, மறுபடியும் சிலிக்கா. கரிஜினியின் சுவர்களில் இருப்பது அந்த அடுக்குகள்தான். அவற்றில் இரும்பு முப்பது விழுக்காடு அளவில் இருக்கும். பிறகு வந்த கோடிக்கணக்கான ஆண்டுகளில், எங்கெல்லாம் தண்ணீர் ஊடுருவிச் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போனதோ அங்கெல்லாம் மிச்சம் நின்ற பாறையில் இரும்பு அறுபதைத் தாண்டியது. அந்த இடங்கள் சுரங்கங்களாயின. ஒன்பது ஆண்டுகளாக நான் திரையில் துரத்திக்கொண்டிருந்த அந்த 62 என்ற எண்ணை உண்டாக்கியது தண்ணீர் என்பதை, பாடமாகப் படித்திருந்தும், அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்த அன்றுதான் உணர்ந்தேன். கல் சில்லென்றிருந்தது. இரண்டு வரிகளுக்கு நடுவே ஈரம் கசிந்து, என் சுண்டுவிரல் நனைந்தது.

மகன் ஹான்காக் இடுக்குக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தான். ஏணியில் இறங்கி, பாறை விளிம்பில் நடந்து, நெஞ்சளவு தண்ணீரில் நீந்தி, கடைசியில் இரண்டு சுவர்களும் ஆளகலத்துக்கு நெருங்கும் இடத்தில் ஆளுக்கொரு கையும் காலுமாக இரண்டு பக்கமும் ஊன்றி, கீழே ஓடும் தண்ணீருக்கு மேலே சிலந்திபோல் நகர வேண்டும். வெயில் எட்டாத இடம், பல் கிட்டிக்கும் குளிர். சுவர்கள் அலையடித்து உறைந்தாற்போல் வளைந்து வளைந்து, தேய்ந்து வழுவழுத்து, வானம் ஒரு நீல நாடாவாகத் தெரிகிறது. அழகு என்று சொல்லிவிட்டு நகர முடியாத இடம் அது. 2004-இல் திடீர் வெள்ளத்தின்போது இங்கே மீட்புப் பணிக்கு இறங்கிய தன்னார்வலர் ஒருவர் உயிரிழந்தார். உள்ளே இருக்கும் ஒரு குளத்துக்கு ரீகன் குளம் என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். எங்கோ மேட்டில் பெய்யும் மழை, உறிஞ்சிக்கொள்ள மண் இல்லாத அந்தப் பாறைகளில் வழிந்து, வானம் தெளிந்திருக்கும் இடுக்குக்குள் ஓர் ஆறாக வந்து நுழையும். மேலே மேகம் தெரிந்தால் இறங்கக் கூடாது. குழந்தைகளோடு போகும் தமிழ்க் குடும்பங்கள் பெர்த்தில் இப்போது அதிகமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பூங்காவின் வடக்கு எல்லையில் விட்டெனூம் என்றொரு ஊர் இருந்தது. அங்கே போகக் கூடாது, நாங்களும் போகவில்லை. நீலக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் வகைகளில் மிகக் கொடியது, 1966 வரை அங்கே வெட்டி எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 30 லட்சம் டன் கல்நார்க் கழிவு இன்றும் அந்த இடுக்குகளில் குவிந்து கிடக்கிறது. ஊரின் தெருக்களிலும் பள்ளி மைதானத்திலும் அந்தக் கழிவையே தரைக்குப் பரப்பினார்கள், குழந்தைகள் அதில் விளையாடினார்கள். தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக ஆயிரக்கணக்கானோர் அந்தத் தூசியால் நோயுற்று இறந்தார்கள். 2007-இல் அரசு அந்த ஊரை ஊர்ப்பட்டியலிலிருந்து நீக்கியது, 2022-இல் கடைசியாக இருந்தவரும் வெளியேற்றப்பட்டார், பிறகு வீடுகள் இடிக்கப்பட்டன. இதை நான் சொல்லிக்கொண்டு வந்தபோது அப்பா நெடுநேரம் பேசவில்லை. எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுக்கு அவர் கையாலேயே போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வகை வேறென்றாலும், எங்கள் இருவர் நினைவிலும் இருந்தது.

டாம் பிரைஸ் போகும் வழியில் ஒரு ரயில் கேட்டில் நின்றோம். மூன்று எஞ்சின்கள், இருநூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகள், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். மகன் எண்ணிக்கொண்டே வந்தான். எஞ்சினில் ஆள் இல்லை என்று நான் சொன்னதும் எண்ணிக்கையைத் தவறவிட்டான். 2018 முதல் அந்தப் பாதையின் ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகின்றன, பெர்த்தில் என்னைப்போல் ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா ரயிலைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டாம் பிரைஸிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஜூகன் இடுக்கு இருக்கிறது. அங்கே 46,000 ஆண்டுகள் மனிதர்கள் வந்து தங்கிய பாறைக் குகைகள் இருந்தன. 2014-இல் நடந்த அகழாய்வில், தலைமுடியைப் பின்னிச் செய்த, 4,000 ஆண்டுகள் பழமையான இடைக்கச்சையின் துண்டு கிடைத்தது. அதன் மரபணு, இன்று அந்த நிலத்துக்கு உரிமையுள்ள புட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களின் மரபணுவோடு பொருந்தியது. 2013-இலேயே வாங்கி வைத்திருந்த அரசு அனுமதியைக் காட்டி, 2020 மே 24 அன்று ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் அந்தக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. நாடாளுமன்ற விசாரணை நடந்தது, தலைமைச் செயல் அதிகாரி உட்பட மூவர் பதவி இழந்தார்கள். நான் வேலை செய்வது வேறொரு நிறுவனத்தில். ஆனால் செய்தி வந்த வாரத்தில், எங்கள் கட்டுப்பாட்டு அறையில் எவரும் மற்றவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. எங்கள் எல்லார் திரையிலும் இருந்த வரைபடங்களில், எடுக்கக் கூடாத இடங்கள் மெல்லிய கோடுகளாகத்தான் குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் எனக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

பூங்காவை விட்டுக் கிளம்பும் நாளில், அப்பாவுக்காகப் புரூஸ் மலையின் அடிவாரத்துக்குப் போனோம். 1,234 மீட்டர் உயரமுள்ள அது, மேற்கு ஆஸ்திரேலியாவின் இரண்டாவது உயர்ந்த சிகரம். புனுருன்ஹா என்பது அதன் பழைய பெயர். சிகரத்துக்கு ஏற அப்பாவால் முடியாது. ஆனால் அரைக் கிலோமீட்டர் நடந்தால் ஒரு பார்வை மேடு வருகிறது. அங்கிருந்து மரண்டூ சுரங்கம் முழுவதும் தெரியும். கரிஜினியின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், பூங்காவின் நடுவே ஒரு துண்டை வெட்டி எடுத்தாற்போல் ஒரு வெற்றிடம் இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் பூங்காவிலிருந்து பிரித்து எடுக்கப்பட்ட அந்தத் துண்டில்தான் இந்தச் சுரங்கம் 1994 முதல் இயங்குகிறது. தாதுக் குவியல்களும், சுற்றிவரும் ரயில் பாதையும், புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும் லாரிகளும், கீழே பொம்மைபோல் தெரிந்தன. முள்புல்லின் வாசனை, பிசினும் வெயிலும் கலந்தாற்போல், காற்றில் வந்தது.

அப்பா வெகுநேரம் நின்று பார்த்தார். எவ்வளவு பெரியது என்று கேட்பார், லாரி எத்தனை டன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து நான் விடைகளோடு தயாராக இருந்தேன்.

“தண்ணி எங்கம்மா போவுது?” என்றார்.

நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையே மேலே பொங்கிவிடும். எவ்வளவு கரி எடுத்தார்கள் என்று ஊரே பேசியபோது, எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள் என்பதைக் கணக்கு வைத்த பிரிவு அப்பாவுடையது. சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தை அவர் நாள்வாரியாக இன்றும் ஒப்பிப்பார். மரண்டூவிலும் தாது, நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிப் போகிறது. இறைத்த தண்ணீரைக் கொண்டு பண்ணை நிலத்தில் வட்ட வட்டமாக மாட்டுத் தீவனப் புல் வளர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“அது சரி. மட்டம் எவ்வளவு எறங்குது? நேத்து நாம குளிச்ச ஊத்துக்கும் இதுக்கும் அடியில பேச்சுவார்த்த உண்டா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்பது ஆண்டுகளில், என் சுரங்கத்தைப் பற்றிக்கூட, அந்தக் கேள்வியை நான் ஒருமுறையும் கேட்டதில்லை. குழியை உலர வைக்கும் பம்புகள் என் திரைகளில் இல்லை. எனக்கு நான்கு மேசை தள்ளி இருக்கும் சக ஊழியரின் திரையில் இருக்கின்றன.

அப்பா ஒரு கல்லை எடுத்துக் கையில் எடை பார்த்தார். அளவுக்கு மீறிய கனம். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று தெரிந்தவர் ஆதலால், எடுத்த பள்ளத்திலேயே அதைச் சரியாகப் பொருத்தி வைத்துவிட்டு இறங்கினார்.

அவர் ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. கேரவனைத் திருப்பிக் கொடுக்கும் முன் மூன்று முறை கழுவியும் சன்னல் ரப்பரில் சிவப்பு போகவில்லை. அப்பாவின் வேட்டிக் கரையிலும் போகவில்லையாம். நான் இப்போது ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் நான்கு மேசை தள்ளிப் போய் ஐந்து நிமிடம் நிற்கிறேன். எங்கள் சுரங்கத்தைச் சுற்றிய கண்காணிப்புக் கிணறுகள் அங்கே எண்களோடு வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் நீர்மட்டம் மீட்டரில். அந்த எண்களை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது அப்பாவுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் எண்ணைக் கேட்பதில்லை.

“பாத்தியாம்மா?” என்று மட்டும் கேட்பார்.

“பாத்தேம்ப்பா.”